யாரிடமும் சொல்லக் கூடாத ஆறு எண்கள்

லிஃப்ட் மெக்கானிக் வெளிநாட்டில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்ட பாவத்துக்கு, இன்னும் அங்கே வருடா வருடம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறார். ஓடிபி வரும் பழைய சிம், ஊரில் வங்கிக் காவலாளியாக இருக்கும் மச்சானிடம் இருக்கிறது. இன்று கடைசி நாள், தவறினால் அபராதம். சாப்பாட்டு இடைவேளையில் போன் போட்டார்.

“மச்சான், ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

“யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே மாப்ள. நேத்துதான் பேங்க்ல மோசடி பத்தி வகுப்பு எடுத்தாங்க. குரலைக்கூட அச்சு அசலா மாத்திப் பேசுறானுங்களாம்.”

“நான்தான் மச்சான் பேசுறேன்!”

“அவனுங்களும் அப்படித்தான் சொல்வானுங்களாம். உங்க கல்யாணத்துல நான் என்ன கலர் சட்டை போட்டிருந்தேன்?”

“அன்னிக்குப் பொண்ணைப் பார்ப்பேனா, உங்க சட்டையைப் பார்ப்பேனா? அறிவு இருக்காய்யா உமக்கு?”

“மாப்ளையேதான்! இந்தக் கோவம் எந்தத் திருடனுக்கும் வராது.”

மச்சான் மகிழ்ச்சியோடு எண்களை வாசிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. மெக்கானிக் புதிதாக ஒன்றை வரவழைத்தார். இந்த முறை மச்சானின் கேள்விக்குக் காத்திருக்கவில்லை; எடுத்த எடுப்பிலேயே திட்டத் தொடங்கினார். நாலாவது வசவில் ஆறு எண்களும் வந்துவிட்டன. கணக்கு தாக்கலாகிவிட்டது.