அயோவாவுக்கு ஒரு டைம் ஷீட்

அமெரிக்காவில் அயோவா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் கிழக்கு எல்லையிலிருந்து மேற்கு எல்லை வரைக்கும் எந்த ஊரில் டீ கிடைக்கும், எந்த ஊரில் கிடைக்காது என்பது ஒன்பது வயதில் எனக்கு மனப்பாடம். இன்றுவரை நான் அங்கே போனதில்லை. அந்த வயதில் வேலூரைத் தாண்டியதே கிடையாது.

எல்லாம் மாடி அக்காவால் வந்தது. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. எண்பதுகளின் தொடக்கத்தில் மாடியிலிருந்த ஒற்றை அறைக்கு வாடகைக்கு வந்த அமெரிக்கப் பெண் அவர். அவருடைய பெயர் அம்மாவின் வாயில் நுழையாததால் எங்கள் எல்லோருக்கும் 'மாடி அக்கா' ஆகிவிட்டார். அம்மாவிடமே தமிழ் கற்றுக்கொண்டு, "காரம் ஜாஸ்திமா, கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று அம்மாவுக்கே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். ஒரே ஒரு விஷயம்தான் அம்மாவை உறுத்தியது. மூன்று வருடங்களாக அக்காவுக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. அவரும் யாருக்கும் எழுதியதில்லை. ஆனால் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மாடிக் கதவு திறக்கும். அவர் எங்கள் வீட்டைக் கடந்து போனதும் மூடிக்கொள்ளும்.

அப்பா ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். தீபத் திருவிழாவுக்குச் சிறப்புப் பேருந்துகள் விட்டு ஓய்ந்த பிறகு அவருக்கு நாலைந்து நாள் லீவு கிடைக்கும். லீவில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. யார் எப்போது குளிக்கப் போகிறோம் என்று எங்களுக்கே நேரம் குறிப்பார். அந்த வருட லீவில், மாடியறைச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை மறைக்க அக்கா ஒட்டியிருந்த அயோவா ரோடு மேப் அவர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். மறுநாளே அதை உரித்தெடுத்து எங்கள் கூடத்தில் விரித்தாயிற்று.

"இன்னாம்மா இது, ரோடெல்லாம் கோடு போட்ட நோட்டு மாதிரி கீது? வளைவே இல்லியா?"

"இல்ல சார். ரெண்டு பக்கமும் சோளம். நேரா போலாம்."

வளைவில்லாத சாலையில் டிரைவர் தூங்கிவிடுவான் என்பது அப்பாவின் அனுபவம். எனவே டீக்கு நிறுத்தியே ஆக வேண்டும். எங்கே நிறுத்துவது? ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் டீக்கடையே கிடையாது என்று அக்கா சொன்னதும் அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அப்படியொரு தேசம் எப்படி முன்னுக்கு வந்தது என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அந்த மேப்பில் நாங்கள் எல்லோரும் அக்காவோடு காரில் போவதாக விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஆனால் எங்கள் வீட்டில் எதுவும் விளையாட்டாக நீடிக்காது. அப்பா மைலைக் கிலோமீட்டராக்கி, கம்பெனித் தாளில் ஊர், வருகை, புறப்பாடு என்று மூன்று கட்டம் போட்டு டைம் ஷீட் தயாரிக்க ஆரம்பித்தார். அம்மா புளிசோறு எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்தாள். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது என்று தீர்ப்பானது. கிளம்புவது வெள்ளிக்கிழமை என்று அப்பா சொல்ல, வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தப் பக்கம் எப்படிப் போவது என்று அம்மா மடக்கினாள். கடைசியில் ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் தோஷமில்லை என்று சமரசம் ஏற்பட்டது. நானும் தம்பியும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டோம். காரில் இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதனால் என்ன, எனக்கு அவனுடைய ஜன்னல்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு முழுக்க நாங்கள் அமெரிக்கா போகும் செய்தி பரவியிருந்தது. அரைப் பரீட்சைக்கு நான் படிக்கவில்லை. அமெரிக்கா போகிறவளுக்குப் பரீட்சை எதற்கு?

மூன்றாம் நாள் அப்பா ஒன்றைக் கண்டுபிடித்தார். அக்கா சொல்லச் சொல்ல எழுதிய பாதை நேராக வந்து, ஒரு சின்ன ஊருக்கு முன்னால் மட்டும் வடக்கே திரும்பி, சுற்றிக்கொண்டு போய் மறுபடி அதே சாலையில் சேர்ந்தது. இருபத்தைந்து மைல் வீண். டைம்கீப்பருக்கு இது பொறுக்குமா?

"இந்த ஊர்ல ஏம்மா வண்டி நிக்கல?"

அக்கா அந்த ஊரின் மேல் விரலை வைத்தார்.

"அங்க எங்க அப்பா இருக்கார். 'போனா திரும்பி வராதே'னு சொன்னார். நான் போய்ட்டேன்."

அம்மா குறுக்கிட்டாள். "அப்பன் வூடு வழியில இருக்கும்போது சுத்திக்கினு போறதா? நல்லா கீது நியாயம்!"

அக்கா சிரிக்கவில்லை. மாடிக்குப் போய்விட்டார். பயணமே கெட்டுவிட்டது என்று எனக்கு அழுகை வந்தது.

அன்று மாலை அப்பா ஒரு காரியம் செய்தார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தின் நகலில் அக்காவின் ஊர் முகவரி இருந்தது. பஸ் கம்பெனி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, சரியாக இருக்கிறதா என்று எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். தங்கள் மகள் எங்கள் மாடியில் நலமாக இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், காரம் மட்டும் ஆகாது. முழு டிக்கெட் மூன்று, அரை டிக்கெட் இரண்டு, ஆக ஐந்து பேர் தங்கள் ஊர் வழியாக வர உத்தேசம். வண்டி தங்கள் ஊரில் நிற்கலாமா என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும்.

வருவதற்கு முன்னால் தகவல் சொல்வதுதான் முறை, அதைத்தான் செய்கிறேன் என்றார் அப்பா. அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்று எனக்கும் தம்பிக்கும் தனியாக உத்தரவு. சொல்லிவிடுவேனோ என்று அந்த ஒன்றரை மாதமும் நான் மாடிப்படிப் பக்கமே போகவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் தபால்காரர் எங்கள் வாசலில் நின்றார். உறைக்குள் இரண்டு தாள்கள். ஒன்று அப்பாவுக்கு, இரண்டே வரி. வண்டி நிற்கலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். இன்னொன்று மடித்து ஒட்டியிருந்தது. அக்கா அதைப் படியிலேயே நின்று படித்தார். பிறகு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. தன்னைக் கேட்காமல் எழுதியதற்குக் கோபம். அப்பா குற்றவாளி மாதிரி வீட்டுக்குள் ஓசைப்படாமல் நடந்தார்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா இறங்கி வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"சார், அந்த டைம் ஷீட் குடுங்க. ஊருக்குப் போறேன்."

அப்பா மெட்ராஸ் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். தாளை எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கடைசியாக ஒருமுறை சரிபார்த்தேன். அப்பா பாதையைத் திருத்தியிருந்தார். வண்டி இப்போது அந்தச் சின்ன ஊருக்குள்ளேயே போயிற்று. ஆனால் அந்த ஊருக்கு நேரே வருகை மட்டும்தான் இருந்தது. புறப்பாடு காலியாக இருந்தது. அப்பாவே தப்பு விடுகிறாரே! எனக்குத் தெரிந்த ஒரே நல்ல நேரம் வேலூர் முதல் வண்டியின் நேரம். பென்சிலால் அழகாக, 'காலை 6.10' என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையே அக்கா கிளம்பினார், தனியாக. அங்கே இறங்கி மேற்கே திரும்பும்போது வாயில் போட்டுக்கொள் என்று அம்மா ஒரு கட்டி வெல்லத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். ஐந்து பேர் போகவேண்டிய பயணத்துக்கு இவர் மட்டும் போகிறாரே என்று நான் டாட்டாகூடக் காட்டவில்லை. வகுப்பில் முகத்தைக் காட்ட முடியாத என் கஷ்டம் யாருக்குப் புரிந்தது?

கோடை விடுமுறையில் கடிதம் வந்தது. கோணல்மாணலான தமிழில் அக்காவே எழுதியிருந்தார். வெல்லம் சாப்பிட்டேன். என் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சோளம் முளைத்துவிட்டது. 6.10 வண்டியை விட்டுவிட்டேன்.

அப்பா அந்தக் கடைசி வரியை இரண்டு முறை சத்தமாகப் படித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். எனக்கு வந்ததே கோபம். பாவம், டீக்கடைகூட இல்லாத ஊரில் ஒருத்தர் வண்டியை விட்டுவிட்டு நிற்கிறார், இவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்:

"அடுத்த வண்டி எத்தினி மணிக்குப்பா?"