கழுவினால் கழலும் தகடு

நவம்பர் பிறந்ததும் எங்கள் ஊர்ச் சரளைக் குழியில் கூட்டம் கூடிவிடும். அட்டைப்பெட்டியில் காகிதத் தட்டைக் குத்திவைத்து ஆளாளுக்குக் குறிபார்த்துக்கொண்டிருப்பார்கள். பதினைந்தாம் தேதி மான் வேட்டை திறக்கும். வடக்கு மிச்சிகனில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். அதனால் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி ஆர்டிஸ் கோஸ்கெலாவுக்கும் விடுமுறை.

ஆர்டிஸுக்குப் பேருந்தைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. இங்கே பாதி வீடுகளில் இருப்பது மடக்குத் துப்பாக்கிதான். நடுவில் மடித்து, ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு, மூடிச் சுட வேண்டியது. பழசானால் அதற்கு வரும் வியாதியும் ஒன்றுதான்: குழலைத் தாங்கும் கீல் தேய்ந்து, குழல் லொடலொடவென்று ஆடும். ஆர்டிஸ் பியர் டின்னிலிருந்து நகத்தளவு தகடு வெட்டி, கீல் ஆணி உட்காரும் பள்ளத்தில் பசை வைத்து ஒட்டிக் கொடுப்பார். மூடினால் டக்கென்று இறுகும். கூலி கிடையாது. யாராவது புகைபோட்ட மீன் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வார்.

"இது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார். "உங்களைவிட அதிக நாள்."

இந்த வருஷம் அந்தப் பதில் பொய்த்துப்போனது. ஓய்வுபெற்ற தபால்காரர் லோரன் பெல்டோலா சரளைக் குழியில் முதல் குண்டைச் சுட்டார். சுட்ட வேகத்தில் துப்பாக்கி தானாகவே வாய் பிளந்தது. காலித் தோட்டா அவர் தொப்பிக்கு மேலே பறந்து போய் விழுந்தது. காயம் எதுவும் இல்லை. ஆனால் எல்லாரும் சுடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆர்டிஸ், ஒரு சந்தேகம்" என்றார் லோரன், எல்லார் காதிலும் விழும்படி. "ஒட்டிட்டு பியரைக் குடிச்சியா, குடிச்சிட்டு ஒட்டினியா?"

கூட்டம் சிரித்தது. ஆர்டிஸ் சிரிக்கவில்லை. அவர் ஒட்டிய தகடு ஊரில் எத்தனையோ துப்பாக்கிகளில் இருக்கிறது. பதினைந்தாம் தேதி விடியும்போது அத்தனை பேரும் அவற்றில் கன்னத்தை வைத்துக் குறிபார்ப்பார்கள். எது தாங்கும், எது தாங்காது என்பது அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

முதலில் கொழுந்தன் கோர்டி வீட்டுக்குப் போனார். அவனுடையதுதான் இருப்பதிலேயே பழைய ஒட்டு. துப்பாக்கி சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் கதவுக்குப் பின்னால், சேறும் மான் முடியுமாகச் சாய்ந்திருந்தது.

"அண்ணி, கையுறை போட்டுக்கங்க. அதைத் தொட்டா ஊசி போடணும்" என்றான் கோர்டி.

ஆர்டிஸ் குழலின் அடியிலிருக்கும் முன்கட்டையைத் திருகு கழற்றி எடுத்தார். கட்டை இருந்தால் அதன் திருகே குழலை இழுத்துப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். கட்டை இல்லாமல் குழலை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இதை எப்போ கழுவின?"

"மழையில நனையுதே, போதாதா?"

அடுத்து தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பிலிஸ் ரின்டாலா வீடு. போன வருஷம்தான் ஒட்டிக் கொடுத்தது. துப்பாக்கி புதுக் கரண்டி மாதிரி பளபளத்தது. முன்கட்டையைக் கழற்றியதும் குழல் விழப்போகும் பல்லைப்போல ஆடியது. பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். தகடு இல்லை.

"எதைப் போட்டுத் துடைக்கிறீங்க?"

பிலிஸ் பெருமையாக ஒரு டப்பாவை எடுத்துவந்தார். கார் பிரேக்கைக் கழுவும் மருந்து. "வேட்டைக்குப் போய்ட்டு வந்தா குழலைக் கழட்டி இதை அடிச்சுடுவேன். ஒரு அழுக்கு நிக்காது."

"என் பசையும் நிக்காது" என்றார் ஆர்டிஸ்.

தகடு தேய்ந்து போகவில்லை. மருந்தில் பசை கரைய, தகடு துடைத்த துணியோடு குப்பைக்குப் போயிருக்கிறது. எத்தனை நாள் தாங்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், எதைப் போட்டுக் கழுவக் கூடாது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

பேருந்தை நிறுத்திவிட்டு தினமும் சாயங்காலம் வீடு வீடாகப் போனார். சோம்பேறிகளின் துப்பாக்கிகள் கெட்டியாக இருந்தன. சுத்தக்காரர்களுடையவை ஆடின. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அவற்றைப் பக்கத்து நகரத்தில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனார்கள்.

பதினான்காம் தேதி மிச்சமிருந்தவர் லோரன் மட்டும்.

"நீ வேண்டாம். நானே புதுத் தகடு ஒட்டிட்டேன், கல்லு மாதிரி இருக்கு" என்றார் அவர், வாசலிலேயே நின்று.

ஆர்டிஸ் முன்கட்டையைக் கழற்றி ஆட்டினார். உண்மையிலேயே ஆடவில்லை. பிறகு மடித்து, கையோடு வந்த குழலை வைத்துவிட்டு, அதைக் கவ்வும் பூட்டை வெளிச்சத்தில் காட்டினார். அதன் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது.

"அன்னிக்குத் திறந்துக்கிச்சே, அதுல பூட்டு அடிபட்டிருக்கு. தகடு ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பூட்டு வேற. இது என்னால ஆகிற வேலை இல்ல."

"நாளைக்கு ஒரு நாள்தான். ஒரே ஒரு குண்டு."

"ஒரு கண்ணுக்கு ஒரு குண்டு போதும், லோரன்."

"நாப்பது வருஷமா வேட்டைக்குப் போறவனுக்குப் பாடம் எடுக்காத."

 ஆர்டிஸ் முன்கட்டையையும் திருகையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அது இல்லாமல் மடக்கினால் குழல் தனியாகக் கையோடு வந்துவிடும்.

"இதுக்குப் பேரு திருட்டு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆமா. ஷெரீஃபுக்குப் போன் போடுங்க. அவரோட துப்பாக்கியையும் நான்தான் ஒட்டிக் கொடுத்தேன்."

மறுநாள் விடிவதற்கு முன் ஆர்டிஸ் வேட்டைக்கான ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது லோரனின் வண்டி வந்து நின்றது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார். லோரன் இறங்கி, குழலையும் பிடிக்கட்டையையும் மேசைமேல் வைத்தார்.

"பாதியைத் திருடினா அசிங்கமா இருக்கு. மீதியையும் வச்சுக்க. நகரத்துக்குப் போறப்ப அந்தத் துப்பாக்கி ரிப்பேர்காரங்கிட்ட குடுத்துடு."

வைத்த பிறகும் அவர் போகவில்லை. வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. வேட்டை திறக்கும் நாளில் வெறுங்கையோடு எங்கே போவார்?

ஆர்டிஸ் தன் துப்பாக்கியை எடுத்தார். அதிலும் அவரே ஒட்டிய தகடுதான். முன்கட்டையைக் கழற்றி ஆட்டிக் காட்டினார், பூட்டைக் காட்டினார், திரும்ப மாட்டிக் கொடுத்தார். பிறகு ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டார்.

"அப்ப நீ போகலையா?"

"குளிருது. போங்க."

சாயங்காலம் லோரன் மான் இல்லாமல் திரும்பிவந்தார். துப்பாக்கியை நீட்டும்போது அவர் கண்கள் ஆர்டிஸைப் பார்க்கவில்லை. குழல் காலையில் இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது.

"வெறும் துணி. சத்தியமா, வெறும் துணிதான்."

ஆர்டிஸ் திருப்புளியைத் தேடி எடுத்தார்.