கனகசுந்தரம் கழற்றிய பூட்டு

என் கடைக்கு இன்டர்நெட் பார்க்க வருகிறவர்களில் கழுத்தை அறுக்கிற ஆள் கனகசுந்தரம்தான். திருகோணமலை உப்புவெளியில், என் கடைக்கு அடுத்த ஒழுங்கையில் வீடு. கம்ப்யூட்டர் தன் ஃபைல்களை வைத்து எடுக்கிற லினக்ஸ் நிரலைத் திருத்தி, முகம் தெரியாத வெளிநாட்டு ஆட்களுக்குச் சும்மா அனுப்புவார். விசர் வேலை என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

2006இல் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. மனைவி குணமணி மூதூருக்கும் அப்பால் வெருகலில், படுக்கையில் விழுந்த தகப்பனோடு. "வந்து எங்களோட இருங்கோ" என்பா அவ. "வீட்டை விட்டால் ஆரும் வந்து குந்திவிடுவினம், நீ வா" என்பார் இவர். என் கடை போனில் கத்தியே இருவருக்கும் தொண்டை கட்டியது.

ஒருநாள் கம்ப்யூட்டருக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார். முஸ்லிம் கடைக்காரனான என்னை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, ஃபைலுக்கு ஒரு பூட்டு, ஃபோல்டருக்கு ஒரு பூட்டு. ஒரு வேலை ஒன்றைப் பிடிச்சுக்கொண்டு மற்றதுக்குக் காத்திருக்கும். இன்னொரு வேலை மற்றதைப் பிடிச்சுக்கொண்டு இதுக்குக் காத்திருக்கும். இரண்டும் அசையாது, மிஷின் நின்றுபோகும்."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"ஃபைல் பூட்டைக் கழற்றிப்போட்டன். ஃபோல்டர் பூட்டே போதும். மற்றது ஒன்றையும் காக்கேல்லை."

சொன்னவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெறும் வீட்டைக் காத்துக்கொண்டிருக்கிற மனிதன் அல்லவா. எனக்கே பாவமாக இருந்தது.

அந்தக் கிழமை முழுக்க வெருகலுக்கு லைனே கிடைக்கவில்லை. கிழமை முடிவில் ஒரு காலை வீட்டைப் பூட்டி, திறப்பை என் மேசையில் வைத்தார். "ஆர் குந்தினாலும் குந்தட்டும். நான் குணமணியிட்டப் போறன்." கடல் தாண்டுகிற மூதூர் லோஞ்சில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நாள் குணமணி என் கடை வாசலில் நிற்கிறா. கந்தளாய்ப் பக்கத்தால், தரைவழியாக பஸ் மாறி மாறி வந்திருக்கிறா.

"அப்பாவைப் பக்கத்து வீட்டில விட்டிட்டு வந்தனான். அந்த மனிசன் தானா வரமாட்டார், இழுத்துக்கொண்டுதான் போக வேணும்."

நான் திறப்பை நீட்டினேன். அவவுக்கு விளங்கிவிட்டது, அப்படியே படியில் இருந்துவிட்டா. அன்று பின்னேரம் பாதையும் மூடப்பட்டது, லோஞ்சும் நின்றது.

பிறகு தினமும் வந்து போனுக்குப் பக்கத்தில் இருப்பா. அவருடைய மெயிலைத் திறந்து பார்த்தா. பூட்டைக் கழற்றிய திருத்தத்தை அந்த வெளிநாட்டு ஆட்கள் ஏற்றுக்கொண்டார்களாம், மிக்க நன்றியாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒருநாள் லைன் கிடைத்தது.

"மாமாவை விட்டிட்டு வர ஏலாது" என்றார் அவர். "நீ அசையாதை. பாதை திறந்ததும் நான் கூட்டிக்கொண்டு வாறன்."

"இல்லை, நீங்கள் அசையாதேங்கோ! நான்தான் வருவன்!"

"சொல்லுறதைக் கேள், குணமணி…"

யார் வருவது என்று முடிவாகும் முன்பே லைன் அறுந்துவிட்டது.