கிராம்வெல்லுக்கு ஓர் அறை

பளாரென்று ஓர் அறை விட்டுவிட்டுத்தான் மோஸி ஹெனபெரி காலையில் பேப்பர் வாங்கப் போவார். அறை வாங்குவது ஆள் அல்ல, இரும்பு. அயர்லாந்தில் கில்வரா ஊரின் மேலைவாசல் வளைவுக்கடியில், வலப்பக்கச் சுவரில், நெஞ்சு உயரத்தில் அது பதிந்திருக்கிறது. கவிழ்த்த கஞ்சிக் கிண்ணம் அளவுக்குத்தான் வெளியே தெரியும்; மீதியெல்லாம் சுவருக்குள். "இந்தா, இன்னைக்கு உன் பங்கு," என்பார். எரிகிற உள்ளங்கையைக் கோட்டில் தேய்த்துக்கொண்டே நடப்பார். அந்தச் சத்தம் ஆற்றுக்கு அக்கரைவரை கேட்கும் என்பது அவர் சொல்வது. அக்கரைக்காரர்கள் யாரும் இதுவரை மறுக்கவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் ஊரைப் பொசுக்க வந்த இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல், ஷூர் ஆற்றுக்கு அப்பாலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு அது என்று ஊரில் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். வாசல் விழவில்லையாம், குண்டுதான் மாட்டிக்கொண்டதாம். அதனால் அந்த வளைவைக் கடக்கிற கில்வராக்காரர் எவரும் கிராம்வெல் கன்னத்தில் ஒன்று வைக்காமல் போவதில்லை. கல்யாணப்பெண் கையுறையைக் கழற்றிவிட்டு அறைவாள். சவப்பெட்டி போகும்போது, சுமக்கிறவர்களில் அந்தப் பக்கத்து ஆள் ஒரு கையை விடுவித்துச் செத்தவர் சார்பில் ஓர் அறை விடுவான். ஹர்லிங் என்கிற மட்டைப்பந்துப் பந்தயத்துக்கு மட்டையோடு போகும் பையன்கள் வரிசையில் நின்று அறைவார்கள். சந்தைக்குப் போகிற பசுமாடுகள் அறைவதில்லை. மோஸியின் பேச்சைக் கேட்டால் அவையும் முறைத்துவிட்டாவது போகும்.

மோஸி குள்ளம், ஆனால் கதவுக்குக் குறுக்கே நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. தலையில் எப்போதும் சாம்பல் நிறத் தட்டைத் தொப்பி. மாதாகோவிலில் மட்டும் கழற்றுவார். "பேங்க் மேனேஜர் முன்னாடி கழட்டினதில்ல. மந்திரி வந்தப்பவும் கழட்டினதில்ல. தொப்பி என் காசுல வாங்கினது, தலை ஆண்டவன் குடுத்தது. நடுவுல இவனுங்க யாரு?" கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது தொழில். ஒற்றைத் தள்ளுவண்டியில் ஆரம்பித்தவர். இன்று அவர் பெயர் எழுதிய லாரிகள் மாவட்டம் முழுக்க ஓடுகின்றன. படிப்பைப் பற்றிக் கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்: "மழைக்கு ஒதுங்கத்தான் பள்ளிக்கூடம் போனேன். நம்ம ஊர்ல மழை என்னைக்கு விட்டிருக்கு? அப்ப எவ்வளவு படிச்சிருப்பேன்னு நீயே பாத்துக்க!"

வெளியூர்க்காரன் எவனாவது பாலத்துப் பக்கம் கழுத்தை நீட்டி நின்றால் போதும், மோஸி பக்கத்தில் போய் நின்றுகொள்வார். ஷூர் ஆற்றின்மேல் எங்கள் பாலத்துக்கு ஈடான பாலம் கிடையாது, அது வேறு விஷயம். "ஏழு வளைவு. எட்டாவதையும் கட்டியிருப்பானுங்க, ஆத்து அகலம் பத்தலை," என்பார். பிறகு மணிக்கூண்டு, கூரை போன தோல்பதனிடும் ஆலை, முன்பு கப்பல் வந்த படித்துறை, அதன் ஓரத்து வியாபாரிகளின் உயரமான வீடுகள் என்று இழுத்துக்கொண்டு போவார். அந்த வீடுகளில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று கதவுக்குக் கதவு பித்தளைப் பலகை உண்டு. படித்துறையில் மட்டும் மோஸியின் நடை கொஞ்சம் வேகமெடுக்கும். அங்கே மூட்டை சுமந்தவர்களுக்குப் பலகை எதுவும் இல்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அங்கேதான் சுமந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். மோஸி மட்டும் வாயைத் திறந்து சொன்னதில்லை. "எங்கிருந்து வந்தேன்னு கேக்காதே. எங்க நிக்கிறேன்னு பாரு," என்று சொல்லிவிட்டு, விருந்தாளியை நேரே மேலைவாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். கடைசி மரியாதை எப்போதும் குண்டுக்குத்தான்.

போன கோடையில் அந்தக் குண்டுக்கே வினை வந்தது.

வாசல் சுவரில் விரிசல் கண்டு, ஊராட்சிக்காரர்கள் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார்கள். மாவட்ட அருங்காட்சியகத்திலிருந்து க்ரானியா என்ற இளம்பெண் வந்தாள். சிவப்பு மழைக்கோட்டு, சிரித்த முகம். குண்டின் நெற்றியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதை வெளியில எடுத்துப் பாக்கணும், மிஸ்டர் ஹெனபெரி. நெசமாவே முற்றுகைக் குண்டா இருந்தா இப்படித் தெருவுல விட முடியாது. எங்க இடத்துல கண்ணாடிக்குள்ள வைப்போம். இங்க அதே மாதிரி ஒண்ணு செஞ்சு பதிச்சிடலாம்."

"கண்ணாடிக்குள்ளயா? அப்புறம் அறையுறது எப்படி?"

"அறையாம இருந்தா இன்னும் நூறு வருஷம் தாங்கும்."

"அம்மாடி, இத்தனை காலம் அறைஞ்சும் அது தாங்கிச்சு. அறையாம விட்டாத்தான் அவனுக்குத் துளிர் விட்டுப்போகும்!"

அன்று இரவுச் சாப்பாட்டில் மோஸி உருளைக்கிழங்கைத் தட்டில் இங்குமங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி ப்ரீடா சொல்லைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். சொன்னால் சரியாகப் போய்க் குத்தும்.

"அது கிராம்வெல் குண்டு இல்லேன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா நல்லதுதானே மோஸி? குண்டு இங்கயே இருக்கும்."

"இல்லேன்னு சொல்லிட்டா? நாப்பது வருஷமா வந்தவன் போனவன்கிட்டயெல்லாம் நான் சொன்னது என்ன ஆகுறது? கறிக்கடை மாக்லர் என்னை உயிரோட உரிச்சு, கடை கொக்கியில மாட்டிடுவான்."

"சரி, கிராம்வெல் குண்டுதான்னு சொல்லிட்டா?"

"அப்ப குண்டு போயிடும்."

"ரெண்டுல எது வேணும் உனக்கு?"

"ரெண்டும் வேணும்," என்றார் மோஸி. வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான் கேட்டு வாங்கியிருக்கிறார்.

சாரம் கட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். வேறொருவன் குழாய் அந்தச் சுவரில் உரசக் கூடாதாம். குண்டை எடுக்கும் நாளில் வளைவுக்கடியில் ஊரே கூடிவிட்டது. கறிக்கடை லியோ மாக்லர், ரத்தம் படிந்த ஏப்ரனோடு முன்வரிசையில் நின்றார். ஹர்லிங் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். மோஸியைச் சீண்டுவது அவருக்கு உபதொழில். கொத்தர்கள் சுண்ணாம்பைச் சுரண்டச் சுரண்ட இரும்பு வந்துகொண்டே இருந்தது. கிண்ணம் அளவு சட்டியாயிற்று; சட்டி அளவு பானையாயிற்று. கடைசியில் கயிறு போட்டு இறக்கியபோது, கீழே போட்டிருந்த பலகையே முனகியது.

"அடேங்கப்பா! கிராம்வெல் இதைப் பீரங்கியில போட்டு சுட்டானா, இல்ல தோள்ல தூக்கிட்டு வந்து வச்சுட்டுப் போனானா?" என்றார் லியோ.

"நம்ம ஊர் வாசலுக்குச் சின்னக் குண்டு போதும்னு நினைப்பானா அவன்?" என்று மோஸி விட்டுக்கொடுக்காமல் சொன்னார். ஆனாலும் தொப்பிக்குக் கீழே காது சிவந்துவிட்டது. சாரத்திலிருந்து இறங்கும்போது அவர் குண்டின் பக்கம் திரும்பவே இல்லை.

க்ரானியா அதைக் கம்பளியில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். சுவரில் ஒரு கருப்புக் குழி மட்டும் மிஞ்சியது. ஜனங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வளைவுக்கடியில் வந்ததும் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள்.

அதற்குள் மாவட்ட இறுதிப் போட்டி வந்துவிட்டது. கில்வரா குழு அந்தக் கட்டத்துக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பையன்கள் குழியைப் பார்த்து முகம் தொங்கிப்போய் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் மோஸி தன் தோட்டத்திலிருந்து பெரிய டர்னிப் கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து, குழியில் வைத்து, இடுக்கில் பழைய சாக்கைத் திணித்து, உள்ளங்கையால் அழுத்தி இறுக்கினார்.

"எதுக்கு முழிக்கிறீங்க? ஆள் லீவுல போயிருக்கான், இது அவன் தம்பி. விடுங்கடா அறையை!"

அறைந்தார்கள். கோல்கீப்பர் அறைந்ததில் கிழங்கு பாதியாகப் பிளந்தது. சாயங்காலம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்துக் கோப்பையோடு வந்தார்கள். லியோ மிச்சக் கிழங்கை எடுத்துக் கோப்பைக்குள் போட்டு ஊர்வலம் விட்டார். "கிராம்வெல்ல விட டர்னிப்புக்கு ராசி ஜாஸ்தி! இனிமே உன் குண்டு எதுக்கு மோஸி? வருஷா வருஷம் கிழங்கு போடு!" என்று ஆற்றங்கரை முழுக்கக் கத்தினார். மோஸி அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு பாடிக்கொண்டேதான் வந்தார். வளைவைக் கடக்கும்போது மட்டும் பாட்டு நின்றது. குழியை ஒரு தடவை பார்த்தார்.

இலையெல்லாம் கொட்டிய பிறகு ஒரு காலையில் வேன் திரும்பி வந்தது. செய்தி எப்படியோ பரவி, லியோவின் கடையில் நின்றவர்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். க்ரானியா கம்பளியை விலக்கினாள். சுவருக்குள் மறைந்திருந்த பக்கம் இப்போது மேலே தெரிந்தது. அங்கே ஒடிந்துபோன தடித்த வளையத்தின் அடித்தண்டு இருந்தது. அதைச் சுற்றிச் சங்கிலி உரசி உரசி விழுந்த பள்ளம்.

"மிஸ்டர் ஹெனபெரி, உங்களுக்கு வருத்தமா இருக்கும்," என்றாள் அவள் மெதுவாக. "இது குண்டு இல்ல. கிராம்வெல் காலத்துக்கு ரொம்பப் பிந்தி வார்த்த இரும்பு. படித்துறையில பாரம் தூக்குற மரயந்திரம் ஒண்ணு இருந்திருக்கு. ஒரு பக்கம் இது இறங்கினா, மறுபக்கம் மூட்டை ஏறும். யந்திரத்தைப் பிரிச்சப்ப, சுவர்ல கல்லு விழுந்த ஓட்டையை அடைக்க யாரோ இதை வச்சுப் பூசியிருக்காங்க. எங்களுக்கு இது தேவைப்படாது. நீங்களே வச்சுக்கலாம்."

லியோதான் முதலில் ஆரம்பித்தார்.

"அப்ப இத்தனை காலமா ஊரே சேர்ந்து ஒரு எடைக்கல்லைப் போட்டு மொத்தியிருக்கோம்! ஏன் மோஸி, என் கல்யாணத்தன்னைக்கு என் பொண்டாட்டி மணிக்கட்டு சுளுக்கிக்கிட்டாளே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். மோஸி பதிலுக்கு ஏதாவது வீசுவார் என்று காத்திருந்தார்கள். அவர் வேனுக்குள் பாதி உடம்பை நுழைத்து, அந்த ஒடிந்த வளையத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கிழவி," என்றார்.

"யாரு?" என்றாள் க்ரானியா.

"இதுதான் கிழவி. படித்துறையில இதுக்கு அந்தப் பேருதான்னு எங்கப்பன் சொல்லுவாரு." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். குரல் வழக்கமான உயரத்துக்கு ஏறியது. "எங்கப்பன் மூட்டை தூக்கினவரு. எங்க தாத்தனும் தூக்கினவரு. கப்பல் அடியிலேர்ந்து மூட்டையை முதுகுலதான் ஏத்தணும். அப்புறம் இந்தக் கிழவி வந்தா. அவ ஒரு பக்கம் இறங்குவா, மூட்டை தானா மேல வரும். 'கிழவி இல்லேன்னா நம்ம குடும்பத்துல ஒருத்தனுக்கும் முதுகு மிஞ்சியிருக்காதுடா'ன்னு எங்க தாத்தன் சொல்லுவாராம். எங்கப்பன் சின்னப் பையனா இருந்தப்பவே கிழவி காணாம போயிட்டா; எங்க போனான்னு அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியல. உருக்கி வித்துட்டானுங்கன்னு நினைச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தாரு."

லியோ ஏப்ரனில் கையைத் துடைத்தார், அது சுத்தமாக இருந்த இடத்தில்.

"உங்க தாத்தன் தூக்கினாரா? எங்க தாத்தனும்தான் தூக்கினாரு," என்றார் கடைசியில்.

"தெரியும். எங்க தாத்தன் தூக்கினதுல பாதிதான் தூக்குவாராம்," என்றார் மோஸி.

மறுபடி சிரிப்பு வெடித்தது. லியோவின் சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது. மோஸி அதோடு நிற்கவில்லை. கிராம்வெல்லாவது ஒரே ஒரு நாள் சுட்டுவிட்டுப் போனவன், கிழவியோ தலைமுறை தலைமுறையாக இந்த ஊரைத் தூக்கி நிறுத்தியவள். இப்படி ஒன்று அயர்லாந்தில் வேறு எந்த ஊரில் இருக்கிறது, காட்டட்டும் பார்க்கலாம் என்று க்ரானியாவிடமே சவால் விட்டார். அவள் சிரித்துக்கொண்டே வேனில் ஏறினாள். மதியத்துக்குள் கொத்தர்கள் கிழவியைப் பழைய குழியிலேயே வைத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். சாரத்தை மோஸியே பிரித்தார்.

"சரி, ரெண்டும் கிடைச்சுதா?" என்று ராத்திரி ப்ரீடா கேட்டார்.

"இரும்பும் இருக்கு, சொல்லக் கதையும் இருக்கு. மூணு கிடைச்சுது," என்று சொல்லிவிட்டு மோஸி இரண்டாம் தடவை உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டார். மூன்றாவது எது என்று ப்ரீடா கேட்கவில்லை. வெண்ணெயைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மோஸி வழக்கம்போல் பேப்பர் வாங்கக் கிளம்பி, வளைவுக்கடியில் வந்து நின்றார். கை தானாக மேலே போனது. தோளுக்குப் பின்னால் ஓங்கியபடி அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கை மெல்லத் திரும்பித் தலைக்குப் போயிற்று. தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலையில் சாரல் விழ, கிழவியின் முகத்தில் வழிந்த மழைநீரை அந்தத் தொப்பியாலேயே துடைத்துவிட்டார்.