ஆள்காட்டி கத்திய காலை

பேய், சகுனம் எதையும் நான் நம்பியவள் இல்லை. குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவதுகூட மாமியார் மனசு நோகக்கூடாதே என்றுதான். இயற்பியல் படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் கேட்பீர்கள், நானே என்னைக் கேட்டுக் கேட்டு இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், நம்புவது உங்கள் இஷ்டம்.

எங்கள் வீடு செங்கல்பட்டில். கணவருக்கும் எனக்கும் பறவைகளைப் படம் எடுக்கிற கிறுக்கு உண்டு. ஒரு விடுமுறைக்கு ஸ்ரீலங்கா போவதாக எல்லாம் முடிவாகியிருந்தது. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் மகள் யாழினிக்கு இருமல் வந்தது. நாலு வயசுக் குழந்தை, கடல் தாண்டிப் போன இடத்தில் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரைத் தேடுவது என்று நான்தான் அடம்பிடித்து நிறுத்தினேன். அதற்குப் பதிலாகக் கல்பாக்கத்துக்குத் தெற்கே, உப்பங்கழி ஓரத்தில் ஒரு தோப்பு வீட்டை இரண்டு நாளைக்கு எடுத்தோம். பக்கத்தில்தானே, பயமே இல்லை என்று நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஆறரை மணி இருக்கும். கழியில் பூநாரைகள் கூட்டமாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன. பூநாரைக்குப் பயம் அதிகம், ஒரு சத்தம் போதும், கூட்டமே எழும்பிப் போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: கேமரா வெளியே வந்துவிட்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கையால்தான் பேச்சு. யாழினிகூட விரலை உதட்டில் வைத்துக்கொண்டு சமர்த்தாக இருப்பாள். அவளைப் பாயில் பிஸ்கட்டோடு உட்கார வைத்தேன். அவர் இருபதடி தள்ளி முக்காலியில் கேமராவை நிறுத்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் என் கேமராவில் கண்ணை வைத்தேன், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் பாயில் பிஸ்கட் பொட்டலம் மட்டும் கிடக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம். நான் கத்தவில்லை. வாயைத் திறந்தேன், பழக்கம் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. பாயைப் பார்க்கிறேன், தோப்பைப் பார்க்கிறேன், அவரைப் பார்த்துக் கையை ஆட்டுகிறேன், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பெற்ற பிள்ளையைக் காணோம், நான் பறவை பறந்துவிடுமே என்று ஊமையாக நிற்கிறேன். அரை நிமிடம் இருக்கலாம், அதற்கு மேலேயும் இருக்கலாம்.

அப்போதுதான் ஆள்காட்டி கத்தியது. ஆள் நடமாட்டத்தைக் கண்டால் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தி ஊருக்கே காட்டிக்கொடுக்கிற பறவை அது, பெயரே அதனால் வந்ததுதான். படம் எடுக்கிறவர்களுக்கு அதைக் கண்டாலே எரிச்சல். கழியைத் தூர்வாரிக் கொட்டிய மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் விடாமல் வந்தது. ஆள்காட்டி கத்தினால் அங்கே ஆள் இருக்க வேண்டும். நான் ஓடினேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் தூர்வாரிய பள்ளம், கறுத்த தண்ணீர். அதன் விளிம்பில் முழங்கால் வரை சேற்றில் யாழினி அசையாமல் நிற்கிறாள். அவளுடைய ஒரு செருப்பு தண்ணீரில் மிதக்கிறது. பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியை வாயில் கடித்துக்கொண்டு, ஆழமில்லாத ஓரத்தில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு அம்மா, தண்ணீரைப் பிளந்துகொண்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். இரண்டு பேருமாகத் தூக்கினோம்.

அந்த அம்மா பெயர் கன்னியம்மா. பறியை வாயிலிருந்து எடுத்ததும் திட்டு விழுந்தது.

"இன்னா பொம்பள நீ? குருவியப் பாக்க வந்தியா, புள்ளயப் பாக்க வந்தியா? இன்னும் ஓரடி வெச்சா ரெண்டாள் ஆழங்கீது அங்க. நல்லவேள, நீ நில்லு நில்லுன்னு கத்துன, நானும் நிமிந்து பாத்தேன்."

"நான் கத்தலைங்க. நீங்கதானே..."

"வாயில பறியக் கடிச்சிகினு கீறேன், நான் எங்கம்மா கத்துறது?"

"ஆள்காட்டிதாங்க கத்துச்சு."

"அதெல்லாம் ஒண்ணும் கத்தல. எனக்குக் காது நல்லாத்தான் கீது."

அதற்குள் என் கணவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏன்டி அப்படிக் கத்தின? எல்லாம் பறந்துடுச்சு..." என்று ஆரம்பித்தவர், சேறு பூசிய குழந்தையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

யாழினி அழக்கூட இல்லை. "நண்டு பின்னாடி போனேன்மா. நீ நில்லுன்னு கத்துன. நின்னுட்டேன்மா" என்றாள்.

நான் கன்னியம்மாவின் சேற்றுக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "சரி சரி, அழுவாத, மொதல்ல புள்ளைக்குக் காலக் கழுவு" என்று அவர் திரும்பத் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். காற்று இருக்கிறது, தண்ணீர் அலம்புகிற சத்தம் இருக்கிறது, தூரத்தில் என் கேமராவின் கிளிக் கிளிக் கூட இருக்கிறது. பிறகு திடீரென்று பூநாரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குகின்றன, ஒன்றாக எழும்புகின்றன. அந்த இடத்தில் என் குரலும் இல்லை, ஆள்காட்டியும் இல்லை. ஹெட்போன் மாட்டி எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். பதறினால் காது தானே எதையாவது கேட்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்துவேன், அப்புறம் பறவைகளுக்கு என்ன பதற்றம் என்று நானே கேட்டுக்கொள்வேன். கத்த வேண்டிய நேரத்தில் எனக்குக் குரல் வரவில்லை. யாரோ, எதுவோ, எனக்காகக் கத்தியது. யாரென்று தெரியாததால் சாமி விளக்கேற்றும்போது பொதுவாக நன்றி சொல்லி வைக்கிறேன்.

இப்போதும் சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது ஏரிப் பக்கமிருந்து ஆள்காட்டி கத்திக்கொண்டு போகும். கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே ஓடியாடிக்கொண்டிருக்கும் யாழினி, ஓடிய இடத்திலேயே நின்றுவிடுவாள்.

"நின்னுட்டேன்மா!" என்பாள்.

என்னைப் பார்த்து இல்லை. மேலே பார்த்து.

நான் இதுவரை அவளைத் திருத்தியதில்லை.