இரண்டாவது பிரேக்

மாஸ்டருக்கு வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் காலடியிலும் ஒன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக் ஆபத்துக்கு மட்டும்தான். ஆனால் எங்கள் மாஸ்டருக்கு எல்லாமே ஆபத்து. தெருமுனையில் நாய் கொட்டாவி விட்டால் பிரேக். மாடியில் காயப்போட்ட துணி ஆடினால் பிரேக். வண்டி குலுங்கி நிற்கும். போட்டது அவர், திட்டு வாங்குவது நான்.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் கார் ஓட்டும் ஆசை வந்தது. முதல் தேர்வில் தோற்றுப்போனேன். அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மாஸ்டரிடம் பழகிய காலம் முழுக்க நானாக ஒருமுறைகூட பிரேக் போட்டதில்லை, போட அவர் விட்டதும் இல்லை. தேர்வன்று பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி பிரேக் போடவில்லை. பழக்கதோஷத்தில் நானும் போடவில்லை. நட்டு வைத்திருந்த கம்பம் சாய்ந்தது. அந்த அதிகாரி சரியான சிடுமூஞ்சி என்று மாஸ்டர் ஆறுதல் சொன்னார். இவரிடம் படித்த எல்லாருமே முதல் தேர்வில் தோற்றவர்கள்தான் என்று பிறகு தெரியவந்தது. எல்லாருக்கும் அதே ஆறுதல்தான்.

முந்திப் பிரேக்கை மிதிக்கும் அந்த வலது காலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வெகுகாலம் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டியவர், பயிற்சிப் பள்ளிக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரி மாணவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஒரு வளைவில், அவனே போடட்டும் என்று ஒரு கணம் பொறுத்திருந்தாராம். வண்டி சுவரில் மோதிப் பையனுக்கு முழங்கால் உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த அவன் அம்மா இவரை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை என்றார். அன்றிலிருந்து அவர் கால் முந்திக்கொள்கிறது. இதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் கிண்டல் பண்ணவில்லை.

அவருக்கு ஒரே மகள். மூன்றாம் வகுப்பில் என் மகனோடு படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். அம்மாக்காரி ஆஸ்பத்திரியில் நர்ஸ், பகலும் இரவும் மாறி மாறி வேலை. அதனால் சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்காரும் வேலை மாஸ்டருடையது. ஊர்க்கதை எல்லாம் மூச்சுவிடாமல் பேசுகிற பெண்ணுக்குப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் குரல் உள்ளே போய்விடும். முதல் எழுத்தைத் தொடுவாள். மீதி வார்த்தையை முந்திரிக்கொட்டை மாதிரி அப்பா சொல்லி முடித்திருப்பார். உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் வகுப்புக்கு ஒரு புது டீச்சர் வந்தார். வந்ததும் சுவரில் பெரிய அட்டை ஒன்றை மாட்டி அதில் ஏணி வரைந்தார். ஒவ்வொரு படியிலும் ஒரு வரி எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். சொல் சொல்லாகப் படிப்பேன். வரி வரியாகப் படிப்பேன். ஒரு பக்கம் நிற்காமல் படிப்பேன். படித்ததை என் சொல்லில் சொல்வேன். உச்சியில், இன்னொருவருக்குச் சொல்லித்தருவேன். பிள்ளைக்கு ஒன்றாகத் துணி காயப்போடும் கிளிப்பைக் கொடுத்து, தாங்களே ஒரு படம் ஒட்டி, தாங்கள் நிற்பதாக நினைக்கும் படியில் மாட்டச் சொன்னார். ஒரே விதிதான். யார் கிளிப்பை யாரும் தொடக்கூடாது. டீச்சரும் தொடக்கூடாது, பெற்றவர்களும் தொடக்கூடாது. வீட்டில் தினம் கொஞ்ச நேரம் பிள்ளை படிப்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை மூன்று நாற்காலி போடுவார்கள். நடுவில் பிள்ளை, இந்தப் பக்கம் வீட்டார், அந்தப் பக்கம் டீச்சர். தனக்கு என்ன வருகிறது, என்ன வரவில்லை, எது உதவி, எது தடங்கல் என்று முதலில் பேச வேண்டியது பிள்ளைதான்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு. மார்க் எவ்வளவு என்று சொன்னால் போதாதா, ஏணி எதற்கு, பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்றார்கள். நானும் அந்தக் கட்சிதான். என் மகன் முதல் வாரமே கிளிப்பை உச்சிப் படியில் மாட்டிவிட்டு வந்தான். வெட்கம் என்பதே அவன் அப்பா வழியில் கிடையாது. மாஸ்டர் மகள் தன் கிளிப்பில் ஒரு கார் சக்கரம் வரைந்து ஒட்டி, மூன்றாம் படியில் மாட்டியிருந்தாள். வரி வரியாகப் படிப்பேன்.

ஒருநாள் அவள் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க மாஸ்டர் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள், வகுப்பில் யாரும் இல்லை. ஏணி இருந்தது. உச்சியில் என் மகனுடைய கிளிப், நடுவில் சக்கரம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சக்கரத்தை எடுத்து ஒரு படி மேலே மாட்டிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காரில் அவரே பெருமையாகச் சொன்னார்.

"லேசா ஒரு கை தள்ளிவிட்டா வண்டி ஸ்டார்ட் ஆயிடும் மேடம்."

ஆகவில்லை. வகுப்பில் நடந்ததை என் மகன் வந்து சொன்னான். அவள் ஏணிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாளாம். யார் தொட்டது என்று கேட்டாளாம். கிளிப்பைக் கழற்றிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வகுப்பிலும் படிக்கவில்லை, வீட்டிலும் படிக்கவில்லை. டீச்சர் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். வருஷக் கடைசிக்குள் ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படிக்காவிட்டால், அடுத்த வருஷம் படிப்பு நேரத்தில் அவள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டியிருக்கும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

மூன்று நாற்காலிக்குப் போய்வந்த மறுநாள் மாஸ்டர் என்னை வண்டியை எடுக்கச் சொல்லவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். எது உதவி என்று டீச்சர் கேட்டிருக்கிறார். அம்மா, என்றாளாம் மகள். அம்மா வேலை முடிந்து வந்து கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள், அதனால் நிதானமாகப் படிக்கலாம். எது தடங்கல் என்றதற்கு அவள் சொன்னதை மாஸ்டர் ஒரு எழுத்து மாறாமல் என்னிடம் சொன்னார்.

"அப்பாகிட்ட ரெண்டாவது பிரேக் இருக்கு டீச்சர். நான் வார்த்தையைத் தொடறதுக்குள்ள போட்டுடுவாரு. என் கிளிப்பை நகர்த்தினதும் அவர்தான். அதுல கிரீஸ் கறை இருந்துச்சு."

கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதருக்கு என்ன சொல்வது? எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். டீச்சர் ஒன்றும் திட்டவில்லையாம். நீங்களும் ஒரு கிளிப் வைத்துக்கொள்ளுங்கள், பேசாமல் கேட்கக் கற்றுக்கொள்ளும்போது மாட்டலாம் என்று ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர் அதைச் சட்டைப் பையில் குத்தி வைத்திருந்தார்.

கற்றுக்கொள்ள அவர் தேர்ந்தெடுத்த இடம் என் உயிர். அன்றிலிருந்து காரில் வலது காலை மடித்து இருக்கைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் வேகத்தடை வந்தபோது வழக்கம்போல் அவர் போடுவார் என்று நான் இருந்தேன். இருவரும் கூரையில் இடித்துக்கொண்டோம். இரண்டாவது வேகத்தடையில் என் கால் தானாகப் போய் அழுத்தியது. வண்டி பதவிசாக நின்றது. நான் பிரேக் போட்டேன் மாஸ்டர், என்று சொன்னேன். பார்த்தேன், என்றார். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

வீட்டில் இதைவிடச் சிரமம். கால் மடங்கும், வாய் எப்படி மடங்கும்? மகள் புத்தகத்தோடு உட்கார்ந்தால் இவர் ஒரு வாய் தண்ணீரை நிரப்பிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாராம். கன்னம் உப்பிய அப்பாவைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாளே தவிர வாய்விட்டுப் படிக்கவில்லை. பிறகு சிரிப்பு நின்றது. அவள் பக்கத்தைப் பார்ப்பாள், உதடு அசையும், சத்தம் வராது. அவர் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார். இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. உள்ளுக்குள் படிக்கிறாளா, படிப்பதுபோல நடிக்கிறாளா என்று அவருக்கே தெரியவில்லை. கேட்கவும் முடியாது, கேட்டால் அதுவும் ஒரு பிரேக். இதற்கிடையில் நான் இரண்டாவது தேர்வில் தேறிவிட்டேன். அதைச் சொல்லப் போனபோது சந்தோஷப்பட்டார், ஆனால் மனசு அங்கே இல்லை. வருஷக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசி மூன்று நாற்காலி நாளன்று அவர்களுக்கு அடுத்த முறை எங்களுடையது. நானும் என் மகனும் சுவரோரப் பெஞ்சில் காத்திருந்தோம். அன்று மாஸ்டர் மனைவிக்குப் பகல் வேலை, மகளோடு மாஸ்டர் மட்டும்தான் வந்திருந்தார். மூன்றாம் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்ததில் அவர் முழங்கால் மோவாய் வரைக்கும் வந்திருந்தது. டீச்சர் புத்தகத்தை மேசைமேல் வைத்து, விருப்பம் இருந்தால் படிக்கலாம் என்று மட்டும் சொன்னார். மகள் அப்பா முகத்தைப் பார்த்தாள். வாயில் தண்ணீர் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள் போலிருக்கிறது. புத்தகத்தைத் திறந்தாள்.

ஒரு அணில் கதை. குரல் மெல்ல வந்தது, ஆனால் வந்தது. என் மகன்கூடக் காலாட்டுவதை நிறுத்தினான். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனாள். பாதிப் பக்கத்தில், அணில் கொட்டைகளை எங்கோ ஒளித்துவைத்திருந்தது என்று ஒரு இடம் வந்தது.

"ஒளி..." என்றாள். நின்றாள். மறுபடி, "ஒளித்து..."

டீச்சர் தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது சிமென்ட் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. முழு பலத்தோடு, குதிகால் வெளுக்க, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. எனக்கே அந்த வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. சொல்லித் தொலைத்தால் என்ன என்றிருந்தது. அவ்வளவு நேரம் ஒரு குழந்தை சும்மா இருப்பதை நான் அதற்கு முன்பு பொறுத்துக்கொண்டதே இல்லை.

"ஒளித்துவைத்திருந்தது," என்றாள். அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை. பக்கத்தை முடித்துப் புத்தகத்தை மூடினாள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளிப் எங்கே என்று கேட்டார். அவள் பாவாடைப் பையிலிருந்து எடுத்தாள். அத்தனை மாதமும் தினம் எடுத்து வந்திருக்கிறாள். ஏணிக்குப் போனாள். நாலாம் படிக்குத்தான் கை போகும் என்று எல்லாருமே நினைத்தோம். அவள் பழைய மூன்றாம் படியில் மாட்டினாள். ஏன் அங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேனே, இன்னொரு நாள் நிற்காமல் படித்துவிட்டு மேலே வைக்கிறேன் என்றாள்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். அந்தக் கால் மறுபடி தரையை ஒருமுறை அழுத்தியது. வாயை மூடிக்கொண்டார்.

மகள் திரும்பி வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் சட்டைப் பையில் குத்தியிருந்த கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"நீ சொல்லிடுவேன்னும் தெரியும்மா."

அவள் சரி என்று தலையாட்டினாள். டீச்சர் எங்கள் பக்கம் திரும்பி, அடுத்து நீங்கள் என்றார். நான் என் மகனைக் கூட்டிக்கொண்டு எழுந்தேன். போகிற வழியில் உச்சிப் படியில் தொங்கிய அவனுடைய கிளிப் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.