ஓடுகிற மெஷினுக்கு மெமரி கூட்டப் போன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள்கூட இல்லை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, ஏ.சி. அறையில் உட்கார்ந்து, மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு முட்டாளாக இருப்பவன். மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டதாக ஒரு கிடங்கு முழுவதையும் நம்பவைத்தவன். கொஞ்ச நாளில் நானே அதை நம்பிவிட்டேன் என்பதுதான் இதில் கூத்து.

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு மருந்துக் கிடங்கு. குளுக்கோஸ் பாட்டில், ஊசி, மாத்திரை எல்லாம் அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான். லாரிகளுக்கு டெஸ்பாட்ச் அக்கா. சென்னீர்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அவர் கேட் பாஸ் அடித்துக் கொடுக்காமல் ஒரு லாரியும் வாசலைத் தாண்டாது. அந்த கேட் பாஸ் ஒரு விர்ச்சுவல் மெஷினிலிருந்து வருகிறது. அதற்கென்று தனிப் பெட்டி கிடையாது; ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் குடித்தனம் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அது.

இந்தச் சின்னவனுக்கு மெமரி போதவில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரியவனிடமிருந்து கொஞ்சம் எடுத்துப் போடலாம். கல்யாணப் பந்தியில் ஆள் கூடினால் நடுவிலேயே இன்னும் நாலு இலை போடுகிறோமே, அந்த மாதிரி. ஆனால் மேஜை எவ்வளவு நீளம் என்று பந்தி தொடங்கும் முன்பே முடிவாகிவிடும். அடுக்களையில் இலை கட்டுக்கட்டாகக் கிடந்தாலும் மேஜை நீளத்தைத் தாண்டிப் போட முடியாது. மேஜையை நீட்ட வேண்டுமானால் எல்லாரையும் எழுப்பி, பந்தியை முடித்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு முன்பே இந்த மேஜை நீளத்தை, அதாவது மெமரியின் உச்சவரம்பை, உயர்த்த முடிவு செய்தேன். செட்டிங்ஸில் புது அளவை எழுதினேன். மெஷினை ஒரு முறை முழுசாக அணைத்து எழுப்பினால்தான் அது நடைமுறைக்கு வரும். அணைக்கத்தான் எனக்குத் தைரியமில்லை. அதை அமைத்துக் கொடுத்தவர் துபாய்க்குப் போகும்போது என் தோளில் கைவைத்து, ஓடுகிற வரைக்கும் அதை அணைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே என்கிற பயம்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் மேனேஜர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் தொடங்கி வந்தவர். பூஜையன்று எந்த மெஷினும் ஓடக்கூடாது, ஓடினால் சாமி குத்தம் என்பது அவர் கட்சி. ஃபோர்க்லிஃப்ட் நின்றது, பேக்கிங் பெல்ட் நின்றது, எடைமேடைகூட அணைந்தது. சந்தனக் கிண்ணத்தோடு சர்வர் அறைக்கு வந்து, இதையும் நிறுத்துப்பா என்றார். நான் பவ்யமாகக் குனிந்து மானிட்டர் பொத்தானை அமுக்கினேன். திரை இருண்டது. அவர் பெட்டிக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, என்னையும் கும்பிடச் சொன்னார். கும்பிட்டேன். பெட்டி உள்ளே அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வருஷத்தில் ஒரே ஒரு நாள், லாரி கிடையாது, அவசரம் கிடையாது, அணைக்கச் சொல்லி உத்தரவே போடுகிறார்கள். அன்றைக்கும் அணைக்காத மகான் நான். சாயங்காலம் பொரிகடலை தின்றுகொண்டே, இனிமேல் எத்தனை ஆர்டர் வந்தாலும் ஓட ஓடவே மெமரி ஏற்றிவிடுவேன் என்று அவரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அடுத்து மழை பிடித்துக்கொண்டது. பின்னாலேயே காய்ச்சல். எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே நேரத்தில் குளுக்கோஸ் கேட்டன. ஒருநாள் காலை அக்காவின் பிரிண்டர் ஒரு பாஸை அடிக்கவே திணற ஆரம்பித்தது. மெமரி விளிம்புவரை நிரம்பியிருந்தது. நான் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டேன். கூடுதல் மெமரி கேட்டு ஆணை கொடுத்தேன். முடியாது, உச்சவரம்பை எட்டிவிட்டது என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தேன். அதே பதில். பழைய உச்சவரம்பு. அப்போதுதான் அந்த மானிட்டர் பொத்தான் நினைவுக்கு வந்தது. நான் எழுதிய புது அளவு இன்னும் நடைமுறைக்கே வரவில்லை.

அப்படியே விட்டால் மெஷின் தானாகவே விழும். பாதி எழுதின கணக்கோடு விழுந்தால் எந்தச் சரக்கு லாரியில் ஏறினது, எது ஏறவில்லை என்று யாருக்கும் தெரியாது. நானே அணைத்தால், எழுந்திருக்குமா என்று தெரியாது. எழவில்லை என்றால் ஒரு பாட்டில்கூட வெளியே போகாது. மேனேஜருக்கு போன் போட்டேன். பார்த்துச் செய்யப்பா, உனக்குத் தெரியாததா என்று வைத்துவிட்டார். எனக்கு என்ன தெரியும் என்று எனக்கல்லவா தெரியும்.

டெஸ்பாட்ச் மேஜைக்குப் போனேன். ஜன்னலில் ஒரு டிரைவர் தலையை நுழைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னா நைனா, பேப்பர் வருமா வராதா? ஆஸ்பத்திரிலேர்ந்து போன் மேல போன் அட்ச்சிக்கினு கீறாங்க. அங்க படுத்துக்கினு கீறவனுக்கு இன்னா பதில் சொல்றது?”

ஜோக் எதுவும் கலக்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். மானிட்டர் சமாச்சாரத்தையும் சேர்த்துத்தான். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கையிலிருந்த பாஸை முடித்துவிட்டு விசைப்பலகையைத் தள்ளிவைத்தார்.

“வரும்ல?”

“தெரியலக்கா.”

“தெரியாதுன்னா, சீக்கிரம் தெரிஞ்சிக்கினு வா.”

சர்வர் அறைக்கு நடந்தேன். அணைத்தேன். இந்தத் தடவை நிஜமாக. பட்டியலில் அதன் பெயருக்கு நேரே ‘நிறுத்தம்’ என்று விழுந்தது. ஒரு மூச்சு இழுத்து, எழுப்பும் ஆணையைக் கொடுத்தேன். திரை கறுப்பாகவே நின்றது. கறுப்பில் என் மூஞ்சி தெரிந்தது. அதை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிற மாதிரியா வைத்திருக்கிறேன்? பிறகு ஒரு வரி: டிஸ்க்கில் கோளாறு இருக்கலாம், சோதிக்கிறேன். துபாய்க்காரர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிந்தது. சோதனை பாதியிலேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது, இன்னொன்று பதில் சொன்னது. எப்போதோ எழுதிவைத்த ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரி தானாக மனதில் ஓடியது. யாரோ ஒரு நோயாளி தலைமாட்டில் காலி பாட்டில் தொங்குவது போலவும், அதன் கீழே என் பெயர் எழுதியிருப்பது போலவும் தோன்றியது.

சோதனை நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, பெயர் கேட்கும் திரை வந்தது. நுழைந்து மெமரி கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. அறைச் சுவருக்கு அப்பால் பிரிண்டர் கரகரத்தது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதேன் என்றால் நம்ப மாட்டீர்கள், அதனால் தும்மினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்குள் கேட்டில் நின்ற லாரிகள் எல்லாம் நெடுஞ்சாலை ஏறிவிட்டன. வாய் திரும்பக் கிடைத்ததும் அக்காவின் மேஜை ஓரம் போய் நின்று, இனிமேல் பயப்படப் போவதில்லை, மாதம் ஒரு முறை ஒழுங்காக அணைத்து எழுப்பிப் பழகிவிடலாம் என்று இருக்கிறேன், எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்காமலேயே சொன்னார்:

“நான் லீவுல கீற அன்னிக்கு வெச்சிக்கோ.”